டிரங்குப் பெட்டியில் கிடந்த கேம் பாய் கேசட்: விலை மதிப்பது எப்படி?

செட்டிநாட்டில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றால் எந்தச் சாமானுக்கு யார் வருவார் என்று ஊருக்கே தெரியும். தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாவற்றுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஆள் இருக்கிறது. அதே டிரங்குப் பெட்டியின் அடியில், கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியில் போட்டு விளையாடும் நாலைந்து சாம்பல் நிற பிளாஸ்டிக் கேசட்டுகள் கிடந்தால் மட்டும் யாருக்கும் விலை தெரியாது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் விளையாடிவிட்டு விட்டுப்போனவை அவை. பெரும்பாலும் குப்பைக்கோ, "மொத்தமா எடுத்துக்கிறேன் ஆச்சி" என்பவரின் மூட்டைக்கோ போய்விடும்.

பழம்பொருள் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மரமும் பித்தளையும்தான் அவர் தொழில். கேசட்டின் விலையை முடிவு செய்பவர்கள் வேறு எங்கோ இருக்கும் சேகரிப்பாளர்கள். அவர்கள் எதைப் பார்த்துக் காசு கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், விலையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1. யாருடையது என்று முதலில் கேளுங்கள்

இது விலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீட்டில் வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறை ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரியது. பெட்டி எந்த அறையில் இருந்ததோ, கேசட்டும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையுடையதாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்று நாற்பது வயது ஆகியிருக்கலாம். ஒரு படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்டுவிடுங்கள். "அதை விக்காதீங்க அத்தான், அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிறேன்" என்று பதில் வந்தால் உங்கள் வேலை அதோடு முடிந்தது.

விற்கலாம் என்றால், காகிதம் எதையும் எறிவதற்கு முன் வீடு முழுக்கத் தேடுங்கள். கேசட் பரணில் இருக்கும், அதன் அட்டைப்பெட்டி பொத்தானும் ஊசியும் போட்டு வைக்க வேறு அறைக்குப் போயிருக்கும், விளக்கப் புத்தகம் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருக்கும். கேம் பாய் கேசட்டுகள் மெல்லிய அட்டைப்பெட்டியில்தான் வந்தன. உலகம் முழுவதும் பிள்ளைகள் அன்றே அதைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். அதனால் பல விளையாட்டுகளுக்கு வெறும் கேசட்டைவிட அந்தக் காலிப் பெட்டிக்குத்தான் விலை அதிகம். எதையும் எறியாமல் வைக்கும் நம் வீடுகளின் வழக்கம் இங்கே பணமாகிறது, கரையானும் ராமபாணப் பூச்சியும் விட்டு வைத்திருந்தால்.

2. எந்தக் கருவியின் கேசட்?

தடித்த சாம்பல் நிறக் கேசட் என்றால் 1989இல் வந்த நின்டெண்டோ கேம் பாய். அதே அளவில் கறுப்பாகவோ கண்ணாடி போலவோ இருந்தால் 1998இல் வந்த கேம் பாய் கலர் காலத்தது. கறுப்புக் கேசட் பழைய கேம் பாயிலும் ஓடும். கண்ணாடி போன்றது கலர் கருவிக்கு மட்டும். அதன் மேல் வலது மூலையில் மற்றவற்றில் இருக்கும் வெட்டு இருக்காது. பாதி உயரத்தில் அகலமாக இருந்தால் 2001இன் கேம் பாய் அட்வான்ஸ். தபால்தலை அளவில் இருந்தால் 2004க்குப் பிந்தைய நின்டெண்டோ டிஎஸ். இவை தவிர சேகாவின் கேம் கியர், அடாரி லிங்க்ஸ், பண்டாயின் வொண்டர்ஸ்வான் ஆகியவையும் கிடைக்கலாம். அவற்றுக்கு வாங்குபவர்கள் குறைவு, ஆனால் இருப்பவர்கள் தீவிரமானவர்கள்.

ஒதுக்கிவிட வேண்டியவை: டிவியில் மாட்டும் மஞ்சள் நிற "இத்தனை இன் 1" கேசட்டுகள், செங்கல் அடுக்கும் பிரிக் கேம், டிஎஸ்ஸில் இணையத்திலிருந்து பதிவிறக்கிய விளையாட்டுகளை ஏற்றப் பயன்பட்ட ஆர்4 அட்டை. பாசம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒதுக்கக் கூடாதது ஒன்றும் உண்டு. 1980இலிருந்து நின்டெண்டோ வெளியிட்ட கேம் அண்ட் வாட்ச். அதில் கேசட்டே கிடையாது. ஒரு கருவிக்குள் ஒரே விளையாட்டு, மூலையில் மணி காட்டும். பார்க்க மலிவான பொம்மை போல இருப்பதால் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். பட்டன் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடியும் பத்திரமாக இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

3. ஸ்டிக்கரில் உள்ள குறியீடு

கேசட்டின் முன்பக்க ஸ்டிக்கரில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். கேம் பாய்க்கு டிஎம்ஜி, கலருக்கு சிஜிபி, அட்வான்ஸுக்கு ஏஜிபி என்று தொடங்கும். எமரால்டு என்ற போகிமான் விளையாட்டின் அமெரிக்கப் பதிப்பு என்றால் "ஏஜிபி-பிபிஇஇ-யூஎஸ்ஏ". கடைசிப் பகுதிதான் நமக்கு வேண்டியது: யூஎஸ்ஏ (அமெரிக்கா), ஜேபிஎன் (ஜப்பான்), யூர் (ஐரோப்பா) என்று எந்த நாட்டுப் பதிப்பு என்பதைச் சொல்லும்.

கேம் பாய், கலர், அட்வான்ஸ் மூன்றிலும் நாட்டுப் பூட்டு இல்லை. எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். விலை மட்டும் ஒன்றாக இருக்காது. போகிமானின் முதல் விளையாட்டுகள் 1996இல் சிவப்பு, பச்சை என்று ஜப்பானில் வந்தன. அமெரிக்காவில் 1998இல் சிவப்பு, நீலம் என்று வந்தன. ஜப்பான் கேசட்டின் விலை அமெரிக்கப் பதிப்பின் விலையில் சிறு பங்குதான். சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டியில் ஜப்பான் எழுத்துள்ள கேசட்டுகள் இருந்தால் அமெரிக்க விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். இதற்கு விலக்கும் உண்டு: ஆங்கிலத்தில் வராத, அல்லது மிகக் குறைவாக வந்த விளையாட்டுகள். 1992இல் வந்த டிரிப் வேர்ல்ட் அப்போது ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மட்டும் வெளியானது. இரண்டுமே விலை மிக்கவை.

4. அசலா, போலியா?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கேம் பாய் அட்வான்ஸ் காலத்தில் ஆசியச் சந்தைகளில் போலிக் கேசட்டுகள் கொட்டிக் கிடந்தன. கடைக்காரரும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மாமாவும் அசல் என்றே நினைத்திருப்பார்கள். போகிமான் கேசட் என்றால் போலி என்று வைத்துக்கொண்டே சோதனையைத் தொடங்குங்கள்.

முதலில் ஓடு. அசலில் மேலே "கேம் பாய் அட்வான்ஸ்" என்று பொறித்திருப்பது சுத்தமாக, சீராக இருக்கும். போலியில் எழுத்துரு தடித்திருக்கும், சில சமயம் பெயரே மாறியிருக்கும். நிறமும் துப்புக் கொடுக்கும். போகிமான் விளையாட்டுகளில் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றின் ஓடும் உள்ளே தெரியும்படி நிறக் கண்ணாடி போல இருக்கும்; ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டும் ஒளி புகாதவை. எமரால்டு என்று எழுதிய கேசட் சாம்பல் நிறத்தில் இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். டிஎஸ்ஸுக்கு வந்த போகிமான் கேசட்டுகளில் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் இரண்டுக்குள்ளும் அகச்சிவப்பு அனுப்பி இருப்பதால் ஓடு கறுப்பாக இருக்கும். சாதாரண சாம்பல் நிறத்தில் இருந்தால் போலி.

அடுத்தது ஸ்டிக்கர். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசல் ஸ்டிக்கரில் மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண், சில சமயம் கூடவே ஓர் எழுத்து, மெல்லிய பள்ளமாகத் தெரியும். இது தொழிற்சாலையின் முத்திரை. தேய்ந்திருந்தால் கண்டுபிடிப்பது சிரமம்; செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும்.

மூன்றாவது, பின்கள் இருக்கும் வாய். அட்வான்ஸ் கேசட்டின் வாய்க்குள் பார்த்தால் தங்கநிறப் பின்களுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருப்பது தெரியும். போலியில் அது இருக்காது.

இப்போதைய போலிகள் முத்திரை எண்ணையும் நகல் எடுக்கின்றன. விலை உயர்ந்த கேசட் என்றால் திறந்து பார்ப்பதுதான் முடிவு. கேம் பாய், கலர் கேசட்டுகளின் திருகுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி ஸ்குரூடிரைவர் வேண்டும். அட்வான்ஸுக்கு மூன்று சிறகுள்ள டிரை-விங் ஸ்குரூடிரைவர். ஆன்லைனில் இரண்டும் சேர்த்தே மலிவாகக் கிடைக்கும். கத்தி முனையால் திருகி ஓட்டில் கீறல் விழ வைத்தால் அதுவே விலையைக் குறைக்கும். உள்ளே சிப்புகள் கால்களோடு ஒழுங்காக, எழுத்துகளோடு இருந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். சிப்புக்குப் பதில் கறுப்புத் தார் வைத்தது போல ஒரு கட்டி இருந்தால் பெரும்பாலும் போலி.

5. ஓடுகிறதா, சேவ் நிற்கிறதா?

சோதிக்க ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி கிடைத்தால் போதும், மூன்று தலைமுறைக் கேசட்டும் அதில் ஓடும். டிஎஸ் கருவியில் அட்வான்ஸ் கேசட் ஓடும், பழைய கேம் பாய் கேசட் நுழையாது. பழைய எஸ்பி ஒன்றைக் கடன் வாங்கியாவது ஓட்டிப் பாருங்கள். "ஓடுமா தெரியாது" என்று விற்றால் ஓடாத கேசட்டின் விலைதான் கிடைக்கும்.

முதல் தடவை திரை வெறுமையாக வந்தால் பயப்பட வேண்டாம். பின்களில் படிந்த அழுக்குதான் காரணமாக இருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் பின்களைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி போடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். உப்புத்தாள் கூடவே கூடாது. பித்தளையைப் புளி போட்டு மினுக்கும் கை பழக்கத்தில் இதையும் மினுக்கப் பார்க்கும். அந்தத் தங்கப் பூச்சு மெல்லியது, தேய்த்தால் போனதுதான்.

அப்புறம் பேட்டரி. பழைய கேசட்டுகள் பலவற்றில் நீங்கள் விளையாடிய இடத்தை நினைவில் வைப்பது உள்ளே பற்றவைத்த ஒரு லித்தியம் நாணய பேட்டரிதான். அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், சேவ் நிற்காது. போகிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அது சீக்கிரம் தீரும். சோதிப்பது எளிது: சேவ் செய்யுங்கள், கருவியை அணைத்துக் கேசட்டை எடுத்து வையுங்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுங்கள்.

ரூபி, சஃபையர், எமரால்டு கதை வேறு. அவற்றில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் நிற்கிறது. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தொடக்கத்தில் வரும் அறிவிப்பைப் பார்த்துக் கேசட் கெட்டுவிட்டது என்று சிலர் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அது கெடவில்லை. ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் பேட்டரியே கிடையாது.

மாற்றுவதா வேண்டாமா? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரி ஆராய்ச்சியே செய்கிறது, நம்மால் ஒரு நாணய பேட்டரியை மாற்ற முடியாதா என்று கை துறுதுறுக்கும். விற்பதற்காக என்றால் மாற்றாதீர்கள் என்பேன். "பேட்டரி தீர்ந்தது, திறக்கப்படாதது" என்று நேர்மையாக எழுதினால் சேகரிப்பாளர் தானே மாற்றிக்கொள்வார். இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிய பேட்டரியைப் பார்த்தால் அவர் விலகிப் போய்விடுவார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உலோக நாக்கு வைத்த பேட்டரியை வாங்கி, செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். கேம் பாய், கலர் கேசட்டுகளில் பழைய பேட்டரியை எடுத்த கணமே உள்ளே உள்ள சேவ் அழிந்துவிடும். அந்தப் பிள்ளை வளர்த்த போகிமான்கள் வேண்டுமென்றால் ஜிபி ஆபரேட்டர் போன்ற, கணினியில் இணைக்கும் ஒரு படிப்பானில் முன்னதாகவே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

6. நிலைமை

சேகரிப்பாளர் கேசட்டை நான்கு விதமாகப் பிரிக்கிறார்: வெறும் கேசட், பெட்டியோடு, பெட்டியும் புத்தகமும் உள்ளே இருந்த தட்டும் சேர்ந்த முழுத் தொகுப்பு, பிரிக்கவே படாதது. ஒவ்வொரு படியிலும் விலை தாவும். பிரிக்கப்படாத பெட்டி கிடைத்தால் ஆர்வத்தில் பிரிக்காதீர்கள். மறுபடி பிளாஸ்டிக் உறை போட்டு ஏமாற்றுவது சகஜம் என்பதால் வாங்குபவர் உங்களிடம் நெருக்கமான படங்கள் பத்து கேட்பார். கொடுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயரின் முதலெழுத்துகளை வெட்டுவது வழக்கம். பித்தளை வாங்க வருபவருக்கு அது ஒரு கூடுதல் அழகு. அதே பழக்கத்தில் பிள்ளைகள் கேசட்டின் மேல் மார்க்கரால் பெயர் எழுதியிருப்பார்கள். இங்கே அது விலையைக் குறைக்கும். பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் இருந்தால் ஆல்கஹாலில் மெதுவாகத் துடைத்தால் போகும். காகித ஸ்டிக்கரில் இருந்தால் தொடாதீர்கள், ஸ்டிக்கர் உரிந்தால் இன்னும் நஷ்டம். பெட்டியில் ஒட்டிய சிங்கப்பூர் கடையின் விலைச் சீட்டையும் உரிக்க வேண்டாம். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

7. விலையைக் கண்டுபிடிப்பது

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஒருவர் ஆயிரம் டாலர் என்று போட்டு இரண்டு வருடமாக விற்காமல் வைத்திருக்கலாம். அது அவர் ஆசை. ஈபே தளத்தில் "சோல்ட் ஐட்டம்ஸ்" என்ற வடிகட்டியைப் போட்டால்தான் நிஜமாகக் கை மாறிய விலைகள் தெரியும். அதிலும் விலையின் மேல் கோடு போட்டிருந்தால் பேரம் பேசி அதைவிடக் குறைவாக விற்றது என்று பொருள். பிரைஸ்சார்ட்டிங் தளம் வெறும் கேசட், முழுத் தொகுப்பு, புதியது என்று தனித்தனியே விலை காட்டும். இரண்டையும் ஒப்பிடுங்கள். உங்களுடைய அதே நாட்டுப் பதிப்பு, அதே நிலைமை, கடந்த சில மாதங்களில் விற்றவை என்று எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதைப் பாருங்கள். தேதி முக்கியம். 2020, 2021இல் ஊரடங்குக் காலத்தில் விலைகள் ஏறிக் கிடந்தன. 2021 ஜூலையில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது டிவியில் மாட்டும் கருவியின் கேசட், தரச்சான்றும் பெற்றது. அந்தச் செய்தியை வைத்து நம் பரணை எடை போடக் கூடாது.

அரிதானதற்குத்தான் விலை என்று நினைப்போம். பாதிதான் சரி. டெட்ரிஸ் கேம் பாயில் 3.5 கோடி விற்றது, கருவியோடு சேர்த்தே பல நாடுகளில் கொடுத்தார்கள், அதனால் மலிவு. ஆனால் போகிமான் சிவப்பு, பச்சை, நீலமும் சேர்ந்து 3.1 கோடி விற்றன. அமெரிக்கப் பதிப்பு இன்றும் நல்ல விலை போகிறது. வாங்க ஆசைப்படுபவர்கள் அத்தனை பேர். எமரால்டு அமெரிக்கப் பதிப்பு அசல் என்றால் அண்மை ஆண்டுகளில் வெறும் கேசட்டே நூறு டாலருக்கு மேல் விற்கிறது. இன்னொரு பக்கம் 2002இல் கலர் கருவிக்கு வந்த ஷான்டே. அட்வான்ஸ் வந்த பிறகு பழைய கருவிக்கு வந்ததால் குறைவாகவே அச்சானது. வெறும் கேசட்டுக்கே பல நூறு டாலர். 2003இன் நிஞ்ஜா ஃபைவ்-ஓவும் அந்த வரிசையில் வரும். விளையாட்டு வீரர் படம் போட்ட கால்பந்து, கார் பந்தயம், சினிமாவை ஒட்டி வந்த விளையாட்டுகள் எல்லாம் பெரும்பாலும் மொத்தமாகத்தான் விற்கும்.

8. நம்மூரிலிருந்து விற்பது

வெளிநாட்டுக்கு விற்றால் தளத்தின் கமிஷன், தபால், பணமாற்றுக் கட்டணம் மூன்றும் கழியும். 60 டாலர் என்று பார்த்த கேசட்டில் கைக்கு வருவது கணிசமாகக் குறையும். மலிவான கேசட் என்றால் தபால் செலவே தின்றுவிடும். அதனால் முதலில் இந்தியாவில் இருக்கும் சேகரிப்பாளர் குழுக்களில் கேட்டுப் பாருங்கள். பேரத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு வாதம் உண்டு: அதே கேசட்டை அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபாலும் சுங்கவரியும் கட்ட வேண்டும், வருவது போலியாகவும் இருக்கலாம். திறந்த பலகையின் படத்தோடு அசல் என்று காட்டினால் வெளிநாட்டு விற்ற விலைக்குக் கீழே இறங்க வேண்டிய அவசியமில்லை.

பழம்பொருள் கடையில் கொடுப்பதும் தப்பில்லை, எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால். விலை போகும் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு, "அண்ணே, இது மட்டும் எங்க வீட்டுப் பிள்ளைக்கு வேணுமாம், மத்ததை எடுத்துக்கங்க" என்றால் முகம் கோணாது.

விற்கும்வரை ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அட்டைப்பெட்டியைத் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு சிலிக்கா ஜெல் பை ஒன்று வைத்தால் போதும். அந்துருண்டை வேண்டாம், சில வகை பிளாஸ்டிக்கை அது இளக்கும். அனுப்பும்போது பெட்டியின் மூலை நசுங்காமல் இன்னொரு கெட்டி அட்டைக்குள் வைத்துக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் கேசட் ஓடுவதை ஒரு சின்ன வீடியோவாக எடுங்கள். ஸ்டிக்கரின் முத்திரை எண் தெரியும்படி ஒரு படமும் இருக்கட்டும். வேறு கேசட் வந்தது என்று யாராவது திருப்பி அனுப்பினால் நீங்கள் அனுப்பியது எது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.